மறுக்கத் தெரிந்த பொம்மைகள்

2023 ஆகஸ்ட் 3 அன்று ‘பால்டர்ஸ் கேட் 3’ வெளியானது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனத்தின் கேம் அது. அதில் கேல் என்றொரு மந்திரவாதி வருவான். நன்றாகப் பேசுவான், கொஞ்சம் அதிகமாகவே பேசுவான், தன் படிப்பைப் பற்றித் தானே பெருமை அடித்துக்கொள்வான். ஓர் இரவு, பாசறையில் எல்லாரும் ஓய்ந்திருக்கும் நேரத்தில், மந்திரத்தின் இழை எப்படிப்பட்டது என்று காட்டித் தருகிறேன் வா என்று ஆட்டக்காரரை அழைப்பான். பாடம்தானே என்று போனவர்கள், பாடம் முடிவதற்குள் தாங்கள் ஒரு காதல் காட்சியின் நடுவில் நிற்பதைக் கண்டு விழித்தார்கள். நாலு வார்த்தை அன்பாகப் பேசியதைக் கேல் வேறுமாதிரி எடுத்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொன்னால் அவன் முகம் வாடியது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சில வாரங்களுக்கு இது பெரிய பேச்சாக ஓடியது. லேரியன் தலைவர் ஸ்வென் விங்கே பின்னர் பேட்டியில் காரணத்தை உடைத்தார்: அது ஒரு மென்பொருள் பிழை. ஒவ்வொரு தோழருக்கும் உள்ளே ஒரு மதிப்பெண் உண்டு. ஆட்டக்காரர் செய்வது பிடித்தால் எண் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் காதல் காட்சி திறக்கும். கேம் வெளியானபோது அந்த அளவு மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு வந்த திருத்தத்தில் எண்ணைச் சரிசெய்தார்கள். கேலுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

இந்தக் கூத்தில் கவனிக்க வேண்டியது புலம்பலின் தொனி. கதவு திறக்காமல் சிக்கினால், வாள் குறி தவறினால், கேம் சரியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கேல் விஷயத்தில் பலர் பேசிய விதம் வேறு. அலுவலகத்தில் சும்மா சிரித்துப் பேசிய ஒருவர் திடீரென்று பூங்கொத்தோடு வந்து நின்றால் எப்படி நெளிவார்களோ அப்படி நெளிந்தார்கள். மனதைப் புண்படுத்தாமல் எப்படி மறுப்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு. எதிரில் இருப்பது எண்களும் நிரலும் குரல் பதிவும்தான் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நெளிந்தார்கள்.

தெரிவதற்கும் உணர்வதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதை அறிவியல் எண்பது ஆண்டுகளாகவே அறிந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்மித் கல்லூரியில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இருவர் 1944 இல் ஒரு சிறு அனிமேஷன் படத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு செவ்வகம். அவ்வளவுதான். அவை அங்குமிங்கும் நகரும். பார்த்ததை எழுதச் சொன்னபோது, முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் அதை வெறும் வடிவங்களின் நகர்வாக எழுதினார். மற்றவர்களுக்குக் கதை தெரிந்தது. பெரிய முக்கோணம் முரடன். சிறிய முக்கோணமும் வட்டமும் காதலர்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். கண்ணும் மூக்கும் வாயும் இல்லாத இரண்டு கோட்டுருவங்களுக்குக் கல்யாணம் செய்து வைக்காத குறை.

1966 இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய தந்திரம்தான் அதன் மூளை. அவர் அதை எழுதிய மாதங்கள் முழுக்க அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய செயலர். அந்தப் பெண்மணியே ஒருநாள் எலைசாவோடு சில வரிகள் தட்டச்சு செய்த பிறகு, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமைக் கேட்டார். தனிமை வேண்டுமாம். பத்து ஆண்டுகள் கழித்து எழுதிய நூலிலும் வைசன்பாம் இதைச் சொல்லி வருத்தப்படுகிறார். அவருக்கு அது மனித மனத்தின் பலவீனமாகப் பட்டது. பலவீனம் என்பது சற்றுக் கடுமையான சொல். இருட்டில் கயிறைப் பாம்பென்று நினைத்துத் துள்ளுகிற அதே மனம்தான், பேசுகிற எதையும் முதலில் ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. அப்புறம்தான் யோசிக்கிறது.

ஆனால் இதை மட்டும் சொன்னால் நாவலுக்கும் சினிமாவுக்கும் கேமுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். வந்தியத்தேவனிடம் மனதைப் பறிகொடுத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவராலும் அவனைக் கோபப்படுத்த முடியாது. 1956 இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி. நேயருக்கு அறிவிப்பாளர் நெருங்கிய நண்பர், அறிவிப்பாளருக்கோ நேயர் யாரென்றே தெரியாது. இந்த ஒருவழி நெருக்கத்துக்கு அவர்கள் பெயர் வைத்து இலக்கணமும் வகுத்தார்கள். அந்த இலக்கணத்தைக் கேம் மீறுகிறது. ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. போன வாரம் அவர் செய்ததை இந்த வாரம் சொல்லிக் காட்டுகிறது. கோபித்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் உண்மையில் யாரும் இல்லை, ஆனாலும் பதில் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள் என்று சொல்லலாம். 1994 மே மாதம் கொனாமி நிறுவனம் ‘தோகிமெகி மெமோரியல்’ என்ற கேமை வெளியிட்டது. ஆட்டக்காரர் ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவன். மூன்று ஆண்டுகள். படிப்பு, விளையாட்டு, கலை, தோற்றம் என்று ஒவ்வொன்றையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி முடியும் நாளில் வளாகத்து மரத்தடியில் ஒரு பெண் வந்து காதலைச் சொன்னால் வெற்றி. ஆட்டக்காரர் போய்ச் சொல்ல முடியாது, அவள் வர வேண்டும். காத்திருப்புதான் ஆட்டம். நாயகி ஃபுஜிசாகி ஷியோரி அடுத்த வீட்டுப் பெண், சிறு வயதுத் தோழி. ஒரு பழைய தோழனுக்கு அவள் காட்டும் சலுகை? ஒன்றுமில்லை. சேர்ந்து வீட்டுக்கு நடந்து போகலாமா என்று கேட்டால், யாராவது பார்த்துப் பேசினால் வெட்கமாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எல்லா மதிப்பெண்ணும் உயர்ந்தால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். அந்த மறுப்பு ஜப்பானிய கேம் ரசிகர்களிடையே பழமொழி போல ஆகிவிட்டது. அவளை அத்தனை பேர் நினைவில் வைத்திருப்பதற்குப் பெரிய கண்களைவிட இந்த ஒற்றை மறுப்பே காரணமாக இருக்க வேண்டும்.

அதே கேமில் இன்னொரு நுட்பம் இருந்தது. ஒரு பெண்ணிடம் பழகிவிட்டு நெடுநாள் கண்டுகொள்ளாமல் விட்டால், அவள் பெயருக்கு அருகே ஒரு வெடிகுண்டுப் படம் தோன்றும். அதை ஆற்றாமல் விட்டால் வெடிக்கும். வெடித்தால் ஊர் முழுக்கப் பேச்சுப் பரவி மற்றப் பெண்களின் மதிப்பும் இறங்கும். ஒருத்தியைக் காதலிக்க வேண்டும் என்று நினைப்பவன் மற்ற அத்தனை பேரின் மனதையும் புண்படாமல் காக்க ஓட வேண்டியிருந்தது. காதல் கேம் என்று வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஒரு கூட்டுக் குடும்பத்தின் தலைவலி.

அதே 1994 இல், செப்டம்பரில், கோயெய் நிறுவனத்தின் ரூபி பார்ட்டி என்ற குழு ‘ஆஞ்சலீக்’ கேமை வெளியிட்டது. பெண்கள் பெண்களுக்காக உருவாக்கியது. அரியணைக்குப் போட்டியிடும் ஓர் இளம்பெண், அவளைச் சுற்றி ஒன்பது காவலர்கள். அவர்களில் ஒருவனைக் காதலித்தால் அரியணையை விட வேண்டும். பெண்களுக்கான காதல் கேம்கள் என்ற தனி வகை அதிலிருந்துதான் கிளைத்தது. பின்னால் வந்த இத்தகைய கேம்கள் பலவற்றில் நாயகிக்கு நிலையான பெயர் கிடையாது, முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆடுபவர் தன் பெயரை இட்டுக்கொள்ளலாம். அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததைப் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது.

மேற்கில் இதே வேலையைக் கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்தது. 2000 இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 2’ தொடங்கி ‘மாஸ் எஃபெக்ட்’, ‘டிராகன் ஏஜ்’ தொடர்கள் வரை, உலகைக் காப்பாற்றும் பெரிய கதைக்கு ஓரத்தில் காதலை வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓரத்திலேயே குடியேறிவிட்டார்கள். 2009 இன் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமில் ஒவ்வொரு தோழரின் மனமும் மைனஸ் 100 முதல் 100 வரை ஒரு பட்டையாகத் திரையில் வெளிப்படையாகவே தெரிந்தது. பரிசு கொடுத்தால் பட்டை ஏறும். இழைத்த தவறை ஒரு நகையால் ஈடுகட்டலாம்.

இதைப் பற்றிய கண்டனம் ஒன்று அப்போதிருந்தே உண்டு: இந்தக் கேம்கள் காதலை நாணயம் போட்டால் மிட்டாய் விழும் எந்திரமாக்குகின்றன. அன்பு என்ற காசைப் போட்டுக்கொண்டே இரு, கடைசியில் படுக்கையறைக் காட்சி விழும். கண்டனம் நியாயமானதே. எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் நாலு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016 இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாயக் கேமைப் பாருங்கள். கோடிக்கணக்கில் விற்ற அந்த இனிய கேமில் காதல் முழுக்க முழுக்க வாய்ப்பாடு. நெருக்கத்தை இதயங்களால் அளப்பார்கள், ஓர் இதயத்துக்கு 250 புள்ளி. மிகப் பிடித்த பரிசுக்கு 80. பிறந்தநாளில் கொடுத்தால் எட்டு மடங்கு. வாரத்துக்கு இரண்டு பரிசுக்கு மேல் கிடையாது. எட்டு இதயம் நிறைந்ததும் பூங்கொத்து கொடுத்துக் காதலைச் சொல்லலாம். ஹார்வி என்ற டாக்டருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தால் காலம் கனிந்து கல்யாணம் ஆகிவிடும். விவாகரத்து செய்தவர், முன்னாள் துணையின் நினைவிலிருந்து அந்தக் கல்யாணத்தையே அழித்துவிட ஒரு சூனியக்காரியின் குடிசையில் 30,000 நாணயம் கட்டலாம்.

இத்தனை பச்சையான கணக்கைப் பார்த்தபின்பும் மனம் எப்படி உருகுகிறது?

பரிசுக்கு நடுவில் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். ஸ்டார்டியூ வேலியில் ஷேன் என்றொருவன் இருக்கிறான். முதலில் பேசப் போனால், உன்னைத் தெரியாது, ஏன் பேசுகிறாய் என்கிற மாதிரி எரிந்து விழுவான். இதயங்கள் ஏற ஏறத்தான் அவனுடைய குடிப்பழக்கம் தெரியவரும். ஒரு மழைநாளில் அவன் பாறை விளிம்பில், உயிரை விட நினைத்துக் கிடப்பதைப் பார்க்க நேரும். கேம் வெளியானபோது ஷேனைக் கல்யாணம் செய்ய முடியாது. ரசிகர்கள் கேட்டார்கள். அதே ஆண்டு வந்த புதுப்பிப்பில் அவனும் எமிலி என்ற பெண்ணும் வரன்களின் பட்டியலில் சேர்ந்தார்கள்.

1997 இல் ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்லச் சொன்னார்கள். கேள்விகள் மேலோட்டமாகத் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கத்துக்குள் போகும். சும்மா ஊர்க்கதை பேசியவர்களைவிட, இப்படிப் பேசியவர்கள் ஒருவருக்கொருவர் மிக நெருக்கமாக உணர்ந்தார்கள். நெருக்கத்தைப் பிறப்பிப்பது உள்ளத்தைத் திறந்து காட்டுவதும், அதைத் தவணை முறையில் செய்வதும். பயோவேரின் எழுத்தாளர்கள் தங்கள் அனுபவத்தால் கண்டுகொண்டதும் இதே உத்திதான். போர் முடிந்து பாசறைக்குத் திரும்பினால் நெருப்பருகே ஒரு தோழன் இன்னும் ஒரு ரகசியம் சொல்லத் தயாராக இருப்பான். பட்டை ஏறியதால் அவன் பேசினான் என்பது நிரலின் கணக்கு. நம்மை நம்பியதால் பேசினான் என்பது மனத்தின் கணக்கு.

அவ்வளவு நம்பியவனை வைத்து ஆரிஜின்ஸ் ஆட்டக்காரரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். அலிஸ்டர் என்ற இளைஞன், அரச ரத்தம், வெகுளி, எல்லாவற்றுக்கும் நகைச்சுவை செய்பவன். ஒரு ரோஜாப்பூவைப் பத்திரமாக வைத்திருந்து காதலிக்குக் கொடுப்பான். இறுதிப் போருக்கு முந்தின இரவில் மோரிகன் என்ற சூனியக்காரி வந்து ஒரு வழி சொல்வாள்: அலிஸ்டர் தன்னோடு ஓர் இரவு கழிக்க வேண்டும், அதன்மூலம் பிறக்கும் குழந்தை உங்கள் உயிரைக் காக்கும். மறுத்தால் உங்களில் ஒருவர் சாக நேரிடும். அலிஸ்டரைக் காதலிக்கும் ஆட்டக்காரரே அவனிடம் போய் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதோடு, அவனை அரியணையில் ஏற்றினால், காதலி மனித இனத்துப் பிரபுக் குடும்பத்தில் பிறக்காதவளாக இருந்தால், அரசனுக்கு இது ஆகாது என்று அவன் உறவை முறித்துக்கொள்வதும் உண்டு. எல்ஃப் என்ற கற்பனை இனத்துப் பெண்ணாக ஆடியவர்கள் தங்கள் கையாலேயே அவனுக்கு முடிசூட்டி, அந்த முடியாலேயே அவனை இழந்தார்கள்.

சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னிகா வேர்ன் இந்தக் கேமின் காதலை எடுத்துக்கொண்டு 2011 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வடக்கு ஐரோப்பாவில் வேடமிட்டு நேரில் நடிக்கும் விளையாட்டுக்காரர்களிடையே ஒரு சொல் புழங்கிவந்தது. தமிழில் அதைக் ‘கசிவு’ எனலாம். பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள்ளும், ஆடுபவரின் உணர்ச்சி பாத்திரத்துக்குள்ளும் ஒழுகுவது. கணினி கேமிலும் அது நடக்கிறது என்பதை, ஆட்டக்காரர்கள் எழுதிய அனுபவங்களை வைத்து வேர்ன் காட்டினார். அவர்கள் சித்தம் கலங்கியவர்கள் அல்லர். இது கேம் என்று முழுக்கத் தெரிந்தவர்கள். ஆட்டம் முடிந்த சில நாட்களுக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது என்று சொன்னவர்கள்.

நாவல் வாசகரிடம் இல்லாத ஓர் உணர்ச்சி கேம் ஆடுகிறவரிடம் உண்டு. குற்றவுணர்ச்சி. அன்னா கரேனினாவுக்காக அழலாம். அவளை ஏமாற்றிவிட்டோமே என்று குறுகுறுக்க முடியாது. கேமில் முடியும். 2015 இல் போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் வெளியிட்ட ‘விட்சர் 3’ இதை வேடிக்கையாகவே பயன்படுத்திக்கொண்டது. நாயகன் கெரால்ட், யெனிஃபர், டிரிஸ் என்ற இரு பெண்களிடமும் தனித்தனியே காதலைச் சொல்லிவைத்தால், இருவரும் சேர்ந்து அவனை ஓர் அறைக்கு அழைப்பார்கள். அவன் பல்லை இளித்துக்கொண்டு போவான். கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டிவிட்டு இருவரும் போய்விடுவார்கள். ஸ்டார்டியூ வேலியில் எல்லாப் பெண்களுக்கும் பூங்கொத்து கொடுத்தவர் ஒருநாள் அவர்களில் ஒருத்தியின் வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் நிற்க நேரும். பையில் ஒரு முயல்கால் தாயத்து இருந்தால் தப்பிக்கலாம். இந்தச் சலுகையைப் பரோன் ஏன் வைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

மறுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு: யார் யாரை விரும்பலாம் என்பது. 1999 இல் லாஸ் ஏஞ்சலிஸ் கேம் கண்காட்சியில் ‘தி சிம்ஸ்’ கேமின் முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் இரண்டு பெண் பாத்திரங்கள் தாமாகவே முத்தமிட்டுக்கொண்டன. யாரும் திட்டமிட்டதில்லை. பேட்ரிக் பாரெட் என்ற நிரலாளர், பாத்திரங்கள் ஒரே பாலினத்தவரையும் விரும்பலாம் என்று நிரலில் எழுதியிருந்தார், அவ்வளவே. 2014 இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ கேமில் டோரியன் என்ற மந்திரவாதியை எழுதியவர் டேவிட் கைடர், தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். டோரியனின் தந்தை மகனுடைய விருப்பத்தை ரத்த மந்திரத்தால் மாற்ற முயன்றவர் என்பது கதையின் மையம். தங்களைப் போன்ற ஒருவனை முதல்முறையாகத் திரையில் கண்டவர்களுக்கு அவன் ஒரு வரம். அவன்மேல் ஆசைப்பட்ட பெண் ஆட்டக்காரர்களுக்கு? எத்தனை கெஞ்சினாலும் அவன் சிரித்துக்கொண்டே விலகுவான்.

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. ‘டிராகன் ஏஜ் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்றவற்றில் காதலிக்கத்தக்க தோழர்கள் ஆட்டக்காரர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. எல்லாருக்கும் எல்லாரும் கிடைக்கட்டும், கேம்தானே என்பது ஒரு கட்சி. டோரியன் போல, 2020 இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ இன் ஜூடியும் பனாமும் போல, பாத்திரத்துக்கென்று ஒரு விருப்பம் இருக்க வேண்டும் என்பது மற்றது. ஜூடிக்குப் பெண்கள்தான் பிடிக்கும், பனாமுக்கு ஆண்கள்தான். ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கேமின் கோப்புகளைத் திருத்தி இருவரின் மனதையும் மாற்றிக்கொண்டார்கள். அவரவர் வாங்கிய கேமில் அவரவர் செய்வதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் டோரியனின் கதையைப் படித்தபின் இதைக் கேட்டால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

படைப்பாளிகள் ரசிகர்களுக்கு இணங்கிப் போனதும் உண்டு, அதில் நல்லதும் விளைந்தது. ‘மாஸ் எஃபெக்ட்’ முதல் பாகத்தில் கேரஸ், டாலி என்ற இரு வேற்றுக்கிரகத் தோழர்களைக் காதலிக்க வழியில்லை. கேரஸுக்குப் பறவையும் பூச்சியும் கலந்த முகம். டாலி முகமூடியைக் கழற்றவே மாட்டாள். பயோவேரில் யாரும் எதிர்பாராத அளவுக்கு இவர்கள் மேல்தான் ஆசை பொங்கியது. 2010 இல் இரண்டாம் பாகத்தில் இருவரும் காதலர் பட்டியலுக்கு வந்தார்கள். அழகுக்கும் காதலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் 2012 இல் மூன்றாம் பாகத்தில் டாலி தன் முகத்தைப் புகைப்படமாகக் கொடுத்தபோது ரகளையே நடந்தது. விலைக்குக் கிடைக்கும் ஒரு மாடல் பெண்ணின் படத்தை எடுத்துக் கொஞ்சம் ஒட்டுவேலை செய்திருந்தார்கள். இரண்டு பாகங்களாக ஆளுக்கொரு முகத்தை மனதில் வரைந்து வைத்திருந்தவர்கள் அந்தப் படத்தை மன்னிக்கவில்லை. 2021 இல் வந்த மறுபதிப்பில் படத்தை மாற்றினார்கள்.

2009 செப்டம்பரில் கொனாமியின் ‘லவ்பிளஸ்’ வந்தபோது, கையடக்க நின்டெண்டோ டிஎஸ் கருவிக்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். இந்தக் கேமுக்கு முடிவே கிடையாது. காதலைச் சொன்ன பிறகுதான் ஆட்டம் தொடங்கும். கருவியின் கடிகாரத்தோடு அவளுடைய நேரமும் ஓடும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சந்திப்பதாகச் சொல்லிவிட்டுத் தூங்கினால், அவள் கோபித்துக்கொள்வாள். அந்த நவம்பரில் டோக்கியோ இளைஞர் ஒருவர், புனைபெயரில், மூவரில் ஒருத்தியான நேனேவை விழா எடுத்து மணந்தார். இணையத்தில் நேரலை. உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. 2010 கோடையில் அதாமி என்ற பழைய வெந்நீரூற்று நகரம் லவ்பிளஸோடு கைகோத்து, கேமுக்குள் வரும் உல்லாசப் பயணத்தை உண்மையிலேயே வந்து அனுபவிக்கும்படி அழைத்தது. கூட்டம் குறைந்துபோயிருந்த ஊருக்குக் கையில் காதலியோடு இளைஞர்கள் வந்திறங்கினார்கள். விடுதிக்காரர்கள் கேலி செய்யவில்லை.

சீனத்தில் இந்தப் பாத்திரங்களைக் ‘காகித மனிதர்கள்’ என்று ரசிகைகள் தாங்களே சொல்கிறார்கள். தட்டையானவர்கள் என்று தெரியும், அதனால் என்ன என்ற தொனி. 2017 டிசம்பரில் பேப்பர்கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘லவ் அண்ட் ப்ரொடியூசர்’ கேமின் நாயகர்களில் ஒருவன் லி செயன். அடுத்த மாதம் அவனுடைய பிறந்தநாளுக்கு ஷென்சென் நகரத்து உயர்ந்த கட்டடம் ஒன்றின் விளக்குத்திரையில் வாழ்த்து ஓடியது. ஏற்பாடு செய்தது ஒரு ரசிகை. 2024 இல் அதே நிறுவனம் ‘லவ் அண்ட் டீப்ஸ்பேஸ்’ கொண்டுவந்தது. அதில் காதலன் முப்பரிமாணத்தில் முகத்துக்கு நேராக நின்று பேசுவான், மாதவிடாய் நாட்களைக் கூடக் குறித்துவைத்துக்கொள்வான்.

இவ்வகைக் கேம்களில் பணம் வருவது சீட்டுக் குலுக்கலில். காசு கொடுத்து அட்டை எடுக்க வேண்டும். விரும்பியவனோடு புதிய காட்சி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நாணயம் போட்டால் மிட்டாய் என்ற பழைய கண்டனம் இங்கேதான் உண்மையிலேயே பொருந்துகிறது. இங்கே நாணயம் நிஜமானது. ஷியோரியின் மறுப்பை வெல்ல நேரமும் பொறுமையும் போதும். இங்கே காதலன் மறுப்பதே இல்லை. மறுப்பது குலுக்கல் பெட்டி. பாத்திரத்தின் விருப்பமாக இருந்த தடையைக் கல்லாப்பெட்டியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அதோடு, சர்வரில் ஓடும் கேமுக்கு ஆயுளும் குறைவு. லவ்பிளஸின் கைப்பேசி வடிவம் 2019 இல் தொடங்கி மறு ஆண்டே மூடப்பட்டது. பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் இல்லாமல் போனால் நேயர்கள் எப்படி உணர்வார்கள் என்று இஸ்ரேலிய ஆய்வாளர் ஜோனத்தன் கோஹன் 2004 இல் ஆராய்ந்தார். நிஜ உறவில் கைவிடப்படுவோமோ என்று பதறுகிறவர்களே இந்தப் பிரிவிலும் அதிகம் வருந்துவதாகச் சொன்னார்கள். பிரிவைத் தாங்காத மனம், பிரிவது யார் என்று ஆள் பார்ப்பதில்லை.

மறுபடியும் பால்டர்ஸ் கேட் 3. ஓராண்டு நிறைவின்போது லேரியன் வெளியிட்ட கணக்கின்படி, தோழர்களுக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த முத்தங்கள் 7.5 கோடிக்கு மேல். ஷேடோஹார்ட் என்ற பெண்ணுக்கு 2.7 கோடி, அஸ்டாரியன் என்ற ரத்தக்காட்டேரிக்கு 1.5 கோடி. கேலுக்கு எத்தனையோ, பாவம். இதில் அஸ்டாரியனின் கதை தனி. இருநூறு ஆண்டுகள் ஓர் எஜமானனுக்கு அடிமையாக இருந்து, தன் அழகைக் காட்டி இரைகளை அழைத்து வந்தவன். ஆட்டக்காரரிடமும் அதே கலையைத்தான் காட்டுவான், பாதுகாப்புக்காக. பாதிக் கதையில் அதை ஒப்புக்கொள்வான். உடலைக் கொடுத்துப் பழகியவனுக்கு விருப்பம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. தன் ரத்தத்தை அவன் குடிக்க வேண்டும் என்று இன்னொருத்தி பேரம் பேசும்போது, அவன் வேண்டாம் என்கிறான். ஆட்டக்காரர் அவனை வற்புறுத்தலாம், லாபமும் உண்டு. அவன் சொல்லை மதிக்கலாம். கேமில் எத்தனையோ அரக்கர்களைக் கூசாமல் வெட்டியவர்கள் இந்த இடத்தில் கை தயங்கி நின்றார்கள். அஸ்டாரியனுக்குக் குரல் கொடுத்து நடித்த நீல் நியூபன் 2023 ஆம் ஆண்டின் கேம் விருதுகளில் சிறந்த நடிப்புக்கான பரிசை வாங்கினார்.

மறுப்பிலேயே கொடியது ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ கேமின் சோலாஸ். வழுக்கைத் தலை, அமைதியான குரல், கனவுகளை ஆராயும் எல்ஃப். எல்ஃப் இனப் பெண்ணாக ஆடுபவர் மட்டுமே அவனைக் காதலிக்க முடியும். நிலவொளியில் ஒரு குளக்கரைக்கு அழைத்துப் போவான். அவள் முகத்தில் குலப் பெருமையாகக் குத்தியிருக்கும் பச்சை, பழங்காலத்தில் அடிமைகளுக்கு இடப்பட்ட அடையாளம் என்ற உண்மையைச் சொல்வான். வேண்டுமானால் அழித்துத் தருவான். முத்தமிடுவான். உடனே, இது கூடாது என்று விலகிவிடுவான். எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் முடிவு அதுதான். எத்தனை முறை பழைய சேமிப்புக்குத் திரும்பி ஆடினாலும் அதுதான். காரணம் 2015 இல் வந்த இணைப்புக் கதையில்தான் தெரிந்தது: அவன் மனிதர்களின் உலகையே அழிக்கவிருக்கும் பழைய தெய்வம். அதோடு அவன் மறைந்தான்.

அடுத்த பாகமான ‘தி வெயில்கார்ட்’ 2024 அக்டோபர் 31 அன்று வந்தது. கதையும் புதிது, ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரமும் புதிது. பழைய பாகங்களில் எடுத்த எண்ணற்ற முடிவுகளில் பெரும்பாலானவற்றை அது கேட்கவே இல்லை. யார் அரசாண்டார், யார் செத்தார் என்பதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. தொடக்கத் திரையில் கேட்டது மூன்றே கேள்விகள். அவற்றில் ஒன்று, பத்தாண்டுகளுக்கு முன் நீங்கள் யாரைக் காதலித்தீர்கள் என்பது. சோலாஸ் என்று தேர்ந்தவர்கள், கதையைச் சரியான வழியில் முடித்தால், கடைசிக் காட்சியில் அந்த எல்ஃப் பெண் வந்து அவனோடு போவதைப் பார்க்கலாம்.